பதினைந்தாவது நிபந்தனை

ஏப்ரல் 4

06.10 மோட்டார் போட்டேன். 06.45 நிறுத்தினேன். 08.00 மாடிக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடிப் பூட்டினேன்.

மாடியில் குடியிருக்கும் இளங்குமரன் காலையிலேயே மனைவி தமயந்தியையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். குடும்பத்தோடு வந்து நின்றால் ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு இது தெரியாதா? டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவன்தான் பிள்ளையை முன்னால் நிறுத்துவான்.

ஏ.சி. போட்டுக்கொள்ள அனுமதி வேண்டுமாம். பெண்ணுக்காக. பூவிழி என்று பெயர், ஏழு வயது. பிறவியிலேயே உடம்பில் வியர்வைச் சுரப்பி கிடையாதாம். வெயில் ஏறினால் அவள் உடம்பும் ஏறிவிடுமாம், இறங்க வழியில்லையாம். அவளை இங்கே வேலூரில் வைத்தியம் பார்க்கத்தான் கும்பகோணத்தை விட்டு வந்தார்கள்; இவன் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை தேடிக்கொண்டான். பெண்ணுக்குத் தலையில் பூனை முடி. பல் நாலு, அதுவும் கூராக. வியர்க்காதது ஒரு வியாதியா? பிளாட்பாரத்தில் சித்திரை வெயிலில் கொடி பிடித்து நின்ற காலத்தில், இந்த வியாதி எனக்கு வராதா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

ஏ.சி. என்றால் சுவரில் ஓட்டை. இது ஒன்பது அங்குலச் சுவர். கட்டும்போது இருபத்தொரு நாள் நானே குழாய் பிடித்து நனைத்த சுவர். முடியாது என்றேன். கீழே உங்கள் அறையில் இருக்கிறதே என்று தமயந்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். இருக்கிறது. மஸ்கட்டில் இருக்கும் என் மகன் சிவப்பிரகாசம் லீவில் வந்தபோது பிடிவாதமாக மாட்டிவிட்டுப் போனது. என் மனைவி மங்கையர்க்கரசியின் பழைய புடவையால் மூடி வைத்திருக்கிறேன். ரிமோட் என் பீரோவில் இருக்கிறது. அது என் சுவர், என் ஓட்டை.

வேண்டுமானால் கூலர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே வழியும் சொன்னேன். வந்தவர்களுக்கு மங்கை டீ போட்டுக் கொண்டுவந்தாள். குடித்தனக்காரர்களுக்கு டீ கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு டிபனும் கேட்பார்கள். அந்தப் பெண் டீயை ஆற்றி ஆற்றி, கடைசியில் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 6

இளங்குமரனோடு நானும் கடைக்குப் போனேன். விட்டால் அவன் ஏ.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு அப்புறம் கையைப் பிசைவான். நினைத்தது போலவே உள்ளே நுழைந்ததும் ஏ.சி. வரிசையில் போய் நின்றான். டாக்டர் ஏ.சி. என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். டாக்டரா எனக்கு வீடு கட்டிக் கொடுத்தார் என்று கேட்டேன். கூலர் பக்கம் வந்தான்.

கடைக்காரப் பையன் நன்றாகத்தான் ஆரம்பித்தான். “ஐயா, நம்ம ஊரு காஞ்ச வெயிலு. மெட்ராஸ் மாதிரி கசகசப்பு கெடையாது. இங்க கூலர் சூப்பரா வேலை செய்யும்” என்றான். கேட்டுக்கொள் என்று இளங்குமரனைப் பார்த்தேன். பையன் அதோடு விட்டிருக்கலாம். “ஆனா ஒண்ணுங்க, ஜன்னலத் தொறந்து வெக்கணும். வெளிக்காத்து உள்ள வந்து, உள்ள இருக்கற ஈரம் வெளிய போவணும். மூடி வெச்சீங்கன்னா ரூமே ஊறிப் போயிடும்” என்றான்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அறையைக் குளிரவைக்கும் சாமர்த்தியத்தை இன்றுதான் கேள்விப்படுகிறேன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, எனக்குப் பாடம் எடுக்கிறான். ஐம்பது லிட்டர் பிடிக்கும் கூலர், வெள்ளை நிறம். தேர்வு என்னுடையது.

ஏப்ரல் 7

கூலர் மாடி ஏறியது. படி ஓரம் ஒரு கீறல். இளங்குமரன் அதை ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் வைக்கப் பார்த்தான். சன்ஷேட் விரிசல் விட்டால், தண்ணீர் என் போர்டிகோ டைல்ஸில் சொட்டினால், யார் பொறுப்பு? படுக்கையறைக்கு உள்ளேதான் வைக்க வேண்டும் என்றேன்.

மாடிக் கதவின் பின்னால் ஒட்டியிருக்கும் நிபந்தனைத் தாளில் இதுவரை பதினான்கு இருந்தது. ஆணி அடிக்கக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, படியில் விளையாடக் கூடாது இப்படி. இன்று ஒன்று கூட்டினேன். “15. கூலர் ஓடும்போது ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். இப்படிக்கு, வீட்டு உரிமையாளர் அ. ஏகாம்பரம்.”

ஏப்ரல் 9

வெயில் 39. டேங்கில் தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு முழம் கீழே. கூலர் குடிக்கிறது.

ஏப்ரல் 12

மாடியில் தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். கூலர் மட்டுமில்லை. அந்தப் பெண்ணின் கவுனைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் அப்படியே போட்டுவிட்டு ஃபேனுக்கு நேராக நிறுத்துகிறார்கள். காய்ந்ததும் மறுபடி முக்கல். நாள் முழுக்க இதே வேலை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறேன். டிரம்மில் பிடித்துவைத்துச் சிக்கனமாகச் செலவழிக்கத் தெரியவில்லை.

கேட்கலாம் என்று வெளியே வந்தால் படியில் அந்தப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம். நான் அப்போதுதான் மொட்டைமாடிக்குப் போய் வால்வு பார்த்துவிட்டு இறங்கியிருந்தேன். என் நெற்றியையே பார்த்தாள். திடீரென்று எழுந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ஓனர் தாத்தா, உங்களுக்கு மட்டும் எப்பிடி தண்ணி தானா வருது?”

துண்டால் துடைத்துக்கொண்டேன். “உழைச்சாத்தான் வேர்க்கும்” என்றேன். “சும்மா உக்காந்திருந்தா வேர்க்காது.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நல்ல புத்தி சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண்தான்.

ஏப்ரல் 13

மதியம் படியில் ஒரே தடதடப்பு. அந்தப் பெண் மேலே ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். இருபத்திரண்டு முறை எண்ணினேன். ஒன்பதாவது நிபந்தனையை மீறுகிறாள் என்று எழுந்து போவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மங்கை ஓடிப் போய்ப் பார்த்தாள். படியிலேயே சாய்ந்து கிடந்தாளாம், உடம்பு தோசைக்கல் மாதிரி இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நூற்று மூன்றரை.

வெயிலில் ஓடினால் எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், வடை. ரசத்தில் புளி போதவில்லை. மங்கை மாடிக்கு ஒரு தூக்கில் கொண்டுபோனாள். போனவள் திரும்பி வர ஐம்பத்தைந்து நிமிடம். பூவிழி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாளாம். ஏன் படியில் ஓடினாய் என்று எல்லோரும் கேட்டும் வாயே திறக்கவில்லையாம். “பெரிய ரகசியம் மாதிரி சிரிக்குதுங்க” என்றாள் மங்கை.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஏப்ரல் 21

இளங்குமரன் டாக்டர் கடிதத்தோடு மறுபடி வந்தான். அறையை எப்போதும் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கூலர்தான் இருக்கிறதே என்றேன். கூலர் போட்டால் அறையில் மூச்சே விட முடியவில்லை, பாயெல்லாம் ஈரம், சுவரில் பூஞ்சை, பூவிழியின் கவுன் காயவே மாட்டேன் என்கிறது, காய்ந்தால்தானே அவளுக்குக் குளிரும் என்று அடுக்கினான். வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டான். அதற்குக் குறையில்லை.

நேரில் பார்த்தேன். உண்மைதான், உள்ளே நுழைந்ததும் ஈரச் சாக்குக்குள் தலையை விட்டது போல் இருந்தது. பெண் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். அறைக்குள் துணி காயப்போட்டிருந்தார்கள். அதுதான் காரணம் என்று சுட்டிக்காட்டினேன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் என்று தமயந்தி இழுத்தாள். கதவின் பின்னால் இருக்கும் தாளைக் காட்டினேன்.

கடைக்காரப் பையன் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

கடிதத்தை வாங்கி ஃபைலில் வைத்தேன்.

ஏப்ரல் 27

41. காக்கைகூட இல்லை.

மே 4

கத்திரி ஆரம்பம். மங்கையும் ஆரம்பித்துவிட்டாள். முப்பத்தொன்பது வருடத்தில் அவள் என்னோடு நின்று வாதாடியது மூன்று தடவை இருக்கும். பூவிழியைக் கீழே நம் ஏ.சி. அறையில் பகலெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். முடியாது என்றேன். அப்படியென்றால் எனக்கும் சோறு வேண்டாம் என்று அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ராத்திரிக்குள் எழுந்துவிடுவாள் என்று பார்த்தேன். எழவில்லை.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தினமும் 14.00 முதல் 15.00 வரை. காலைக் கழுவிக்கொண்டு வர வேண்டும், ஈரக் கவுனோடு வரக் கூடாது, கட்டிலில் உட்காரக் கூடாது.

மே 5

14.00 பீரோவைத் திறந்து ரிமோட்டை எடுத்தேன். புடவையை விலக்கினேன். இருபத்தாறில் வைத்தேன். பெண் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்திலிருந்த சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்க்க முடிந்தது. 15.00 நிறுத்தினேன். “தேங்க்ஸ் ஓனர் தாத்தா” என்றாள்.

மே 8

இன்று சிக்னல் பற்றிக் கேட்டாள். கைகாட்டி எப்படி இறங்கும், ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்றெல்லாம் விவரமாகக் கேட்கிறாள். சிவப்பிரகாசம் இந்த வயதில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பெட்டியிலிருந்து என் பழைய பச்சைக் கொடியை எடுத்துக் காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

15.04க்குத்தான் நிறுத்தினேன். நான்கு நிமிடம் தாமதம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டேன். இனி கூடாது.

மே 9

15.00 நிறுத்தினேன். தூக்கத்தில் இருந்தவளை எழுப்பி அனுப்பினேன்.

மே 12

மஸ்கட்டிலிருந்து சிவப்பிரகாசம் போன் செய்தான். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நாள் முழுக்க ஏ.சி.யை ஓடவிடுங்கள் அப்பா, அதற்குத்தானே மாட்டினேன் என்றான். அங்கே ஒட்டகத்துக்கும் ஏ.சி. போடுவார்கள் போலிருக்கிறது, பழக்கம் அப்படி. போனை மங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

மே 16

நாளை காஞ்சிபுரம். சித்தப்பா பேரனுக்குக் கல்யாணம். நாளை மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். நான் மட்டும் போனால் மரியாதையாக இருக்காது, மங்கையும் வர வேண்டும். இந்த வெயிலில் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவள் முனகினாள். பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

வால்வுப் பெட்டிச் சாவியைத் தமயந்தியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றாள். கொடுத்தால் அதோடு என் தண்ணீர் ஒழுங்கு போயிற்று. ஒரு நாள் கையில் பட்ட சாவிக்கு மறுநாள் நகல் வந்துவிடும். கிளம்புவதற்கு முன் அதிகாலையில் நானே திறந்துவிடுகிறேன், பிடித்துவைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். மாலை ஆறு மணிக்கு மேல் மீட்டர் பெட்டி பக்கத்தில், வழக்கமான இடத்தில், அறிவிப்பு ஒட்டினேன். “17ஆம் தேதி தண்ணீர் 04.30 முதல் 05.15 வரை மட்டும். அடுத்து 18ஆம் தேதி மாலை.”

மே 17, காஞ்சிபுரம்

04.30 மோட்டார் போட்டு வால்வைத் திறந்தேன். 05.15 மூடிப் பூட்டினேன். மாடியில் விளக்கு எரியவில்லை, குழாய் திறக்கும் சத்தமும் இல்லை. ஒரு குரல் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மங்கை படியில் கால் வைத்தாள். ஆட்டோ வந்து நின்றுவிட்டது. தூங்குகிறவர்களை எழுப்புவது நாகரிகமில்லை, அறிவிப்பு இருக்கிறது என்றேன். வீட்டைப் பூட்டினேன். பீரோ சாவி, வால்வுச் சாவி இரண்டும் அரைஞாணில் இருக்கின்றன.

10.20 இளங்குமரன் போன். அறிவிப்பைப் பார்க்கவில்லையாம். டிரம் காலி, ஒரே ஒரு வாளி இருக்கிறதாம். சாவி யாரிடமாவது இருக்கிறதா என்றான். இல்லை என்றேன்.

“சார், பூட்ட உடைச்சுக்கட்டுமா? சாயங்காலமே புதுசு வாங்கி மாட்டிடறேன்.”

இன்று பூட்டை உடைப்பவன் நாளை எதை உடைப்பான்? உடைத்தால் போலீசில் எழுதிக் கொடுப்பேன், அடுத்த மாதம் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றேன். தெருக்கோடியில் குழாய் இருக்கிறது, நாலு குடம் தூக்கினால் கை ஒன்றும் தேய்ந்துவிடாது என்றும் சொன்னேன். “சரிங்க சார்” என்றான். சொன்னால் கேட்கிற மனிதன், அதை நான் மறுக்கவில்லை.

மண்டபம் முழுக்க ஏ.சி. உட்கார முடியாத குளிர். துண்டைப் போர்த்திக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டில் சாம்பார் சுமார், பால் பாயசம் நன்றாக இருந்தது. மங்கை தன் இலையில் வைத்த லட்டைச் சாப்பிடாமல் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

16.50 இளங்குமரன் எண்ணிலிருந்து போன். பேசியது அவன் இல்லை, அவனோடு வேலை செய்கிறவன். பூவிழி செத்துப்போய்விட்டாள் என்று சொன்னான். பகல் ஒரு மணிக்கு மேல் படியில் விழுந்து, வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே முடிந்துவிட்டதாம். சரி என்றேன். கொஞ்ச நேரம் மண்டபத்து வாசலில் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மங்கையிடம் சொல்லவில்லை. மங்கல காரியம் நடக்கிற இடத்தில் துக்கம் பேசக் கூடாது. அவள் போனை வாங்கி அணைத்து என் பையில் வைத்தேன். சார்ஜ் இல்லை என்றேன். மாலை வரவேற்பில் அவளை நாலு பெண்கள் பாடச் சொன்னார்கள். பாடினாள்.

மே 18

முகூர்த்தம் 06.00 முதல் 07.30. அட்சதை போட்டோம். சாப்பிட்டோம். 10.15 பஸ்.

ஆற்காடு தாண்டியதும் சொன்னேன். அதற்கு மேல் தள்ளினால் வீடு வந்துவிடும்.

“எப்போ?” என்றாள்.

“நேத்து மத்தியானம்.”

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

சொன்னேன். அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. “பாட வெச்சீங்களே” என்றாள், அவ்வளவுதான். இறங்கும்போது லட்டு இருந்த தாம்பூலப் பையை இருக்கையிலேயே வைத்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் யாரும் இல்லை. காலையிலேயே கும்பகோணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சொன்னவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். டேங்கில் முக்கால் அளவு தண்ணீர். வால்வுப் பெட்டியில் பூட்டு அப்படியே இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை.

மே 19

06.10 மோட்டார். மாடிக்குத் திறக்கவில்லை. ஆள் இல்லை.

மே 24

இளங்குமரன் மட்டும் வந்தான், வீட்டைக் காலி செய்ய. மொட்டை போட்டிருந்தான். சத்தம் போடுவான், கையை ஓங்குவான் என்று பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரை வரச் சொல்லி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அட்வான்சை முழுசாகக் கொடுத்தேன்; சுவர்ப் பூஞ்சைக்கென்று எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. சாமான்கள் அரை லாரிகூட வராது.

கூலரை எடுக்கவில்லை. “நீங்க பாத்து வாங்கினது சார், உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றான்.

மங்கை அவனுக்கு மோர் கொடுத்தாள். எப்படி ஆயிற்று தம்பி என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, கடையில் என்ன வாங்கினோம் என்று சொல்வது போலச் சொன்னான்.

“தெருக்கோடியிலேர்ந்து நான் ஒரு கொடம், தமயந்தி ஒரு கொடமா தூக்கினோம்மா. நீ உள்ளயே இருன்னுதான் சொன்னோம். கேக்காம சொம்ப எடுத்துக்கிட்டு வந்துட்டா. உழைச்சாத்தான் வேர்க்கும்னு ஓனர் தாத்தா சொன்னாரு, நானும் உழைக்கிறேம்பான்னா. அன்னிக்கு படியில ஓடினதும் அதுக்குத்தானாம். பத்து நடைக்கு மேல நடந்திருப்பா, சிரிச்சுக்கிட்டே. கடைசி நடையில படியில நின்னு, அப்பா இங்க பாரு, நெத்தி நனைஞ்சிருக்கு, வேர்த்துடுச்சுப்பான்னா.”

மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

“அது சொம்புத் தண்ணிம்மா. தளும்பியிருக்கு.”

என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் பிள்ளைக்குச் சொன்னது ஒரு பேச்சுக்கு. பேச்சுக்குச் சொன்னதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது. இதை மங்கையிடம் சொன்னேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மே 25

மங்கை ஒரு பாய், ஒரு பானை, நாலு புடவையோடு மாடிக்குப் போய்விட்டாள். காலையில் காபி வரவில்லை என்று தேடியபோதுதான் தெரிந்தது. கோபம், இரண்டு நாளில் இறங்குவாள்.

மதியம் 42. சாப்பாடு கேட்கலாம் என்று ஏறிப் போனேன். ஜன்னல்கள் நான்கும் விரியத் திறந்திருந்தன. கூலரை இழுத்து ஜன்னலுக்கு நேராக, முதுகு வெளியே பார்க்கும்படி வைத்திருக்கிறாள். கீழேயிருந்து வாளியில் தூக்கி ஊற்றிய தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியில் நின்றபோதே முகத்தில் சில்லென்று அடித்தது. ஈரம் இல்லை, நாற்றம் இல்லை. பாய் காய்ந்து மொறமொறப்பாக இருந்தது. சுவரில் பூஞ்சை இருந்த இடம் வெளுத்துவிட்டது. கீழே போய்ச் சுவர்த் தெர்மாமீட்டரை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். இருபத்தெட்டு.

மூன்று தடவை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இருபத்தெட்டுதான்.

மங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லாத்தான் வேலை செய்யுது, இல்லீங்க?” என்றாள். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். கதவின் பின்னால் தாள் இன்னும் இருக்கிறது. பதினைந்தாவதை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

மே 26

தயிர்சாதம் நானே பிசைந்துகொண்டேன். உப்பு கூடிவிட்டது. 14.00 ஏ.சி. போட்டேன். சுவரோரம் பச்சைக் கொடி சுருட்டி வைத்தபடி கிடக்கிறது. 15.00 நிறுத்தினேன்.

மே 27

வாடகைக்கு என்று போர்டு எழுதி வெளியே மாட்டினேன். “சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இல்லை” என்று கீழே சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் மங்கை இறங்கி வந்து போர்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மாடிக்கு ஆள் வந்தாயிற்று என்றாள். தன் வளையலை விற்றாவது வாடகை கொடுப்பாளாம். எனக்கு வாடகை வர வேண்டும், அவ்வளவுதானே என்றாள். “நிபந்தனை எல்லாம் எனக்கும் உண்டுங்க. பதினஞ்சத் தவிர” என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மே 28

கத்திரி இன்றோடு முடிகிறது. 06.10 மோட்டார். 06.15 மாடிக்கு வால்வைத் திறந்தேன். 06.45 மோட்டாரை நிறுத்தினேன். மேலே குழாய் திறக்கும் சத்தம், வாளி நிரம்பும் சத்தம், பிறகு துணியைத் தண்ணீரில் முக்கும் சத்தம் கேட்டது.

07.55 சாவியை எடுத்துக்கொண்டு ஏறினேன். இப்போதெல்லாம் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாடி நடையில் மங்கை நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஈரத் துண்டு. வழிவிடுவாள் என்று நின்றேன். விடவில்லை. முப்பத்தொன்பது வருடத்தில் அவள் என் முகத்தை அவ்வளவு கிட்டே வந்து பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை எழுதுவதில் வெட்கமில்லை. கையை நீட்டி ஒரு விரலால் என் நெற்றியைத் தொட்டாள். விரலைத் தன் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“உழைச்சாத்தான் வேர்க்கும், இல்லீங்க?” என்றாள்.

பிறகு ஒதுங்கி வழி விட்டாள். மொட்டைமாடிக்குப் போனேன். பூட்டு கையைச் சுட்டது. கீழே அவள் இன்னும் அதே இடத்தில் நிற்பது தெரிந்தது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கத்தான் நின்றிருக்க வேண்டும். சாவியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதாகத் தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

08.00 வால்வை மூடிப் பூட்டினேன்.